போகஹான்டஸ் கவுண்ட்டி ஊட்டி மாதிரி இருக்குமா?

பின்னால் படிக்க வருபவர்களுக்காகக் கேள்வியை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவருக்கு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், கிரீன் பேங்க் ரேடியோ வானியல் நிலையத்தில் மூன்றாண்டு வேலை கிடைத்திருக்கிறது. அது இருப்பது போகஹான்டஸ் கவுண்ட்டி. "மலைப்பிரதேசம் என்கிறார்கள், ஊட்டி மாதிரி இருக்குமா? செல்போனே எடுக்காதாமே, நிஜமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஆறு வயது மகளைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது. இயற்கைக் காட்சி எப்படி இருந்தால் என்ன, அங்கே குடும்பம் நடத்த முடியுமா? அதை மனதில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

நான் கோத்தகிரிக்காரன். படித்தது நிலத்தடி நீரியல். சுண்ணாம்புப் பாறைக்குள் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று தேடுவதற்காக அந்தக் கவுண்ட்டியில் நான்கு வருடம் வாடகை வீட்டில் இருந்தேன். அதற்குப் பிறகும் அவ்வப்போது போய்வருகிறேன். மலை, தண்ணீர், காடு, சாலை பற்றிக் கேட்டால் உறுதியாகச் சொல்வேன். பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. அங்கே தனிக்கட்டையாக இருந்தவன்.

ஊட்டியோடு ஒப்பிட்டதில் ஒரு வசதி இருக்கிறது. நீலகிரி மாவட்டமும் இந்தக் கவுண்ட்டியும் பரப்பளவில் கிட்டத்தட்ட சமம். போகஹான்டஸ் 942 சதுர மைல், அதாவது சுமார் 2,440 சதுர கிலோமீட்டர். நீலகிரி சற்றே பெரியது. ஆனால் 2011 கணக்கெடுப்பில் நீலகிரியில் 7,35,394 பேர் இருந்தார்கள். போகஹான்டஸில் 2020இல் எண்ணியபோது 7,869 பேர். எழுத்துப்பிழை இல்லை, ஏழாயிரத்துச் சொச்சம்தான். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் எல்லா மலையிலும் சேர்த்து ஒரு பெரிய கல்லூரியின் மாணவர் எண்ணிக்கை அளவுக்குத்தான் ஆட்கள் என்று வைத்துப் பாருங்கள். தலைமை ஊரான மார்லின்டனிலேயே சுமார் ஆயிரம் பேர்தான். சட்டப்படி ஊராட்சி உள்ள ஊர்கள் மார்லின்டன், ஹில்ஸ்பரோ, டர்பின் என்று மூன்றே மூன்று. நீங்கள் போகப்போகும் கிரீன் பேங்க் அந்தப் பட்டியலில்கூட இல்லை. கவுண்ட்டி என்பதை நம் மாவட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் கலெக்டர் என்று ஒருவர் மேலேயிருந்து வந்து இறங்கமாட்டார். மூன்று கமிஷனர்கள், ஒரு ஷெரிஃப் என்று எல்லோரும் உள்ளூரில் ஓட்டு வாங்கி வருகிறவர்கள். ஏழாயிரம் பேருக்குள் தேர்தல் என்றால், ஷெரிஃப் யாருக்கு மச்சான், யாருக்குப் பள்ளிக்கூடத்து நண்பன் என்பது ஊருக்கே தெரியும்.

உயரத்தில் ஊட்டியை எதிர்பார்க்காதீர்கள். அங்கே மிக உயரமான இடம் தார்னி ஃப்ளாட், 4,848 அடி. அது ஏற்காடு உயரம்தான். கிரீன் பேங்க் பள்ளத்தாக்கு சுமார் 2,700 அடி. நம்மூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு "அவ்வளவுதானா, ஸ்வெட்டர் போதும்" என்று கிளம்பிவிடுவார்கள். ஆனால் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஊட்டி 11 பாகையில் இருக்கிறது, இது 38 பாகையில். தார்னி ஃப்ளாட்டின் சரிவில்தான் ஸ்னோஷூ என்ற பனிச்சறுக்கு விடுதி 1974இலிருந்து நடக்கிறது. ஒரு குளிர்காலத்தில் அங்கே சராசரியாக விழும் பனி 180 அங்குலம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. பதினைந்து அடி. மேற்கேயிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதுவது அந்த முகட்டில் என்பதால் பனியும் மழையும் அங்கேயே பெரும்பகுதி கொட்டிவிடும். கிழக்கே பள்ளத்தாக்கில் இருக்கும் கிரீன் பேங்க்குக்கு மிச்சம்தான் வரும். கூடலூரில் கொட்டும்போது கோத்தகிரியில் வெயில் அடிக்குமே, அதே கதை. ஆனால் பள்ளத்தாக்குக்கு வேறொரு தொல்லை உண்டு. இரவில் குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கி அடியில் தேங்கும். மே மாதம்கூட உறைபனி விழும். தக்காளி நாற்றை அவசரப்பட்டு நட்டு இரண்டு முறை இழந்தேன்.

மலையின் உருவமும் வேறு. நீலகிரி ஒரு மேசை. வளைவு வளைவாக ஏறி முடித்தால் மேலே மேடும் பள்ளமுமாக ஒரு நாடே விரிந்துகிடக்கும். இங்கே அப்படி ஏறி முடிக்கும் இடமே கிடையாது. ஒரு ஜமுக்காளத்தை ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினால் மடிப்பு மடிப்பாக எழும்பும் இல்லையா, கவுண்ட்டியின் கிழக்குப் பாதி அப்படித்தான். ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்கா வந்து மோதியபோது எழுந்த மடிப்புகள் அவை; வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீளநீளமாக ஓடுகின்றன. மேற்குப் பாதியில் பாறை அடுக்குகள் அவ்வளவாக மடியவில்லை, கிடையாகவே கிடக்கின்றன. அங்கே ஆறுகள்தான் அறுத்து அறுத்து மலையாக்கியிருக்கின்றன. அன்றாட வாழ்க்கைக்கு இதன் அர்த்தம் என்னவென்றால், பள்ளத்தாக்கின் நீளவாக்கில் கார் ஓட்டுவது சுகம், குறுக்கே போவது அவஸ்தை. மடிப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பக்கத்து வீட்டுக்காரர் ஆகமாட்டார்.

இந்தக் கவுண்ட்டிக்கு "ஆறுகளின் பிறப்பிடம்" என்று பட்டப்பெயர். கிரீன்பிரையர், கௌலி, எல்க், செர்ரி, கிரான்பெரி, வில்லியம்ஸ், டைகார்ட் வேலி, ஷேவர்ஸ் ஃபோர்க் என்று எட்டைச் சொல்வார்கள். எட்டு என்பது விளம்பரப் பலகைக் கணக்கு. ஷேவர்ஸ் ஃபோர்க் உண்மையில் சீட் ஆற்றின் ஒரு கிளை, அதைத் தனியாக எண்ணினால்தான் எட்டு வரும். ஆனால் சாரம் சரிதான். எல்லாத் தண்ணீரும் இங்கிருந்து வெளியே போகிறது, வெளியிலிருந்து சொல்லிக்கொள்ளும்படி எதுவும் உள்ளே வருவதில்லை. நான் அங்கே வருகிறவர்களை பேக் அலகேனி மலை முகட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு விஷயம் சொல்வது வழக்கம். மேற்கே விழும் துளி ஷேவர்ஸ் ஃபோர்க்கில் சேர்ந்து வடக்கே போகும். சீட் ஆறு, மொனொங்கஹீலா, பிட்ஸ்பர்க் வழியாக ஒஹையோ ஆற்றில் இறங்கும். அதே முகட்டில் கிழக்கே ஓரடி தள்ளி விழும் துளி கிரீன்பிரையரில் சேர்ந்து நேர்மாறாகத் தெற்கே போகும். ஹின்டன் என்ற ஊரில் நியூ ஆற்றில் கலந்து, கனாவா ஆறாகி, சார்ல்ஸ்டனைக் கடந்து, பாயின்ட் பிளசன்ட் என்ற இடத்தில் ஒஹையோவை எட்டும். முகட்டில் பிரிந்த இரண்டு துளிகளும் மாநிலத்தை இரு பக்கமும் சுற்றிவந்து அங்கே திரும்பச் சந்திக்கின்றன. கவுண்ட்டியின் கிழக்கு எல்லையான அலகேனி மலையைத் தாண்டினால் வர்ஜீனியா; அந்தப் பக்கத்துத் தண்ணீர் அட்லாண்டிக்குக்குப் போய்விடும்.

இனி என் தொழில் சமாசாரம். சலிப்பாக இருந்தால் தாண்டிவிடலாம், ஆனால் வீடு பார்க்கும்போது உதவும். கவுண்ட்டியின் நடுவிலும் தெற்கிலும் பரவலாகச் சுண்ணாம்புப் பாறை. ஸ்லேட்டி ஃபோர்க் என்ற ஊருக்குக் கீழே கோடையில் எல்க் ஆறு காணாமல் போய்விடும். மேலே முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருந்த ஆறு, ஒரு வளைவுக்குப் பிறகு வெறும் உருட்டுக்கல் படுகையாகக் கிடக்கும்; தண்ணீரெல்லாம் பாறைக்குள் புகுந்து, சில மைல் தள்ளி ஊற்றாகக் கிளம்பும். செருப்புக்கூட நனையாமல் ஆற்றின் நடுவில் நடந்திருக்கிறேன். எங்கே புகுந்தது எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க, புகும் வாயில் பச்சைச் சாயத்தைக் கொட்டுவோம். சுற்றுவட்டாரத்து ஊற்றுக்கண் ஒவ்வொன்றிலும் வலைத்துணிப் பையில் கரித்தூள் கட்டித் தொங்கவிடுவோம். சில நாள் கழித்து அந்தக் கரியை எடுத்துச் சோதித்தால் சாயம் எந்தப் பையில் ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். மணலிலும் மண்ணிலும் தண்ணீர் வடிகட்டிக்கொண்டே மெதுவாக இறங்கும். சுண்ணாம்புப் பாறையில் அப்படி இல்லை. குழாயில் போவதுபோலப் போகும், வடிகட்டாது. புல்வெளியில் கிண்ணம் கிண்ணமாகப் பள்ளங்கள் தெரியும், அவைதான் குழாயின் வாய். அந்தக் காலத்தில் செத்த மாட்டை, உடைந்த சாமானை எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் தள்ளுவார்கள். ஆகவே ஹில்ஸ்பரோ பக்கம் கிணற்றுத் தண்ணீர் உள்ள வீடு பார்த்தால், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று நம்பிவிடாமல் கிருமிச் சோதனை செய்துவிடுங்கள். அதே சுண்ணாம்பினால்தான் அந்த ஹில்ஸ்பரோ சமவெளியில் புல் அவ்வளவு செழிப்பு; மாட்டுப் பண்ணைகள் அங்கே குவிந்திருக்கக் காரணமும் அதுதான்.

இப்போது ஆள் ஏன் இல்லை என்ற விஷயம். முதல்முறை வருகிறவர்கள் கண்ணுக்கெட்டிய மட்டும் காடாக இருப்பதைப் பார்த்து, மனிதர் கால்படாத இடம் என்று நினைத்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்கெடுப்பு எண்களைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. 1900இல் 8,572 பேர். 1920இல் 15,002 பேர். அதற்குப் பிறகு இறங்குமுகம். இன்று இருப்பதைப்போல இரண்டு மடங்கு ஜனம் நூறு வருடத்துக்கு முன்னால் இருந்தது. இது ஆள் போகாத காடு இல்லை, ஆள் போய்விட்ட காடு.

அவர்களைக் கொண்டுவந்தது மரம். 1900ஐ ஒட்டி கிரீன்பிரையர் ஆற்றங்கரையோரமாக ரயில் வந்தது. 1901இல் வெஸ்ட் வர்ஜீனியா பல்ப் அண்ட் பேப்பர் கம்பெனி காஸ் என்ற ஊரையே புதிதாகக் கட்டியது. ஒரே மாதிரி வெள்ளை வீடுகள், பலகை போட்ட நடைபாதை, கம்பெனிக் கடை. மேலே முகட்டில் இருந்த செந்தளிர் ஸ்புரூஸ் மரங்களை வெட்டி, ஷே என்ற பல்சக்கர நீராவி எஞ்சின்களால் இறக்கிக் கொண்டுவந்தார்கள். காகிதத்துக்கான மரம் மலையைத் தாண்டி வர்ஜீனியாவின் கவிங்டனில் உள்ள ஆலைக்குப் போனது. நூறடிக்குச் சுமார் பதினோரடி ஏறும் தண்டவாளம் அது. நம் மேட்டுப்பாளையம் ரயில் பல்சக்கரத்தைப் பல்தண்டவாளத்தில் கோத்து ஏறுகிறது. ஷே எஞ்சினில் பற்கள் எஞ்சினுக்குள்ளேயே இருக்கும், தண்டவாளம் சாதாரணமானதுதான். முப்பது நாற்பது வருடத்தில் மொத்த மாநிலமும் மொட்டை. வெட்டிப்போட்ட கிளைகள் காய்ந்து தீப்பிடித்து, சில முகடுகளில் மண்ணே எரிந்துபோனது. மரம் போன மலையில் நீர் நிற்காதே. 1907இல் மொனொங்கஹீலா பெருகி பிட்ஸ்பர்க்கை அடித்தது. பாழான மலைகளை அரசே விலைக்கு வாங்கிக் காடு வளர்க்கலாம் என்று 1911இல் சட்டம் வந்ததற்கு இதுபோன்ற வெள்ளங்களும் ஒரு காரணம். 1920இல் மொனொங்கஹீலா தேசியக் காடு அமைந்தது. இன்று கவுண்ட்டியில் பாதிக்கு மேல் அரசு நிலம். ஆக நீங்கள் பார்க்கப்போகும் காட்டின் பெரும்பகுதிக்கு வயது நூறை ஒட்டித்தான் இருக்கும். காஸ் ஆலை 1960இல் மூடியது. இரும்புக்குப் போக இருந்த எஞ்சின்களை மாநில அரசு வாங்கி 1963இல் சுற்றுலா ரயிலாக ஓட்டத் தொடங்கியது; இப்போதும் ஓடுகிறது. மகளை அவசியம் கூட்டிப்போங்கள். ஆற்றங்கரை ரயில் பாதையும் 1970களின் கடைசியில் கைவிடப்பட்டு, இன்று 78 மைல் நீளச் சைக்கிள் பாதையாக இருக்கிறது. சரிவே தெரியாத பாதை. சின்னக் குழந்தைகள் ஓட்டலாம்.

கோத்தகிரிக்காரனாக எனக்குப் பிடித்தது வேறொன்று. கிரான்பெரி கிளேட்ஸ் என்று சுமார் 3,400 அடி உயரத்தில் ஒரு சதுப்பு நிலம், 750 ஏக்கர். பனியுகத்தில் வடக்கேயிருந்து இறங்கிவந்த செடிகள், பனி விலகியபோது திரும்பிப் போகாமல் அந்தக் குளிர்க்கிண்ணத்தில் தங்கிவிட்டன. கனடாவில் பார்க்க வேண்டிய செடிகள். பூச்சி தின்னும் குடுவைச்செடியும் பனித்துளிச்செடியும் பலகைப் பாதையிலிருந்து குனிந்தாலே தெரியும். நம் சோலைக்காடுகளிலும் இமயமலைச் சொந்தக்காரர்கள் இப்படித்தானே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஜூலையில் காட்டோரம் ரோடோடென்ட்ரான் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும். அதுதான் மாநில மலர். நம் மலையில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசின் தாயாதி. முதல் வருடம் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் செய்தேன். தரைவழி போனில்தான்.

போன் விஷயத்துக்கு வருவோம். நிலையத்தின் தொலைநோக்கி வானத்திலிருந்து வரும் மிக மெல்லிய ரேடியோ அலைகளைக் கேட்கிறது; பக்கத்தில் எழும் வேறு ரேடியோ அலை அதை மூழ்கடித்துவிடும் என்பதால்தான் கட்டுப்பாடு. 1956இல் மாநிலச் சட்டம் ஒன்று, 1958இல் மத்திய அரசின் ஏற்பாடு ஒன்று. இரண்டாவதால் 13,000 சதுர மைல் பரப்பு தேசிய ரேடியோ அமைதி மண்டலம் ஆனது, தமிழ்நாட்டில் கால்வாசி. இந்த மண்டலம் முழுக்கச் செல்போன் தடை என்று இணையத்தில் எழுதுகிறார்கள், அது தவறு. மண்டலத்துக்குள் கோபுரம் போடலாம். ஆனால் வானியல் நிலையத்தோடு கலந்து பேசி, எந்தத் திசை, எவ்வளவு சக்தி என்று ஒத்துக்கொண்டு போட வேண்டும். கெடுபிடி அதிகம் இருப்பது நிலையத்தைச் சுற்றி. மாநிலச் சட்டப்படி பத்து மைலுக்குள் தொலைநோக்கிக்கு இடைஞ்சல் தரும் மின்சாதனம் இருந்தால் நிறுத்தச் சொல்லலாம். பழுதான மின்வேலிகூட ரேடியோ இரைச்சல் கிளப்பும், அதைத் தேடிக்கொண்டு நிலையத்தின் வண்டி வரும். தொலைநோக்கியின் அருகே டீசல் வண்டிதான் போகும், ஏனென்றால் பெட்ரோல் எஞ்சினில் பொறி அடிக்கிறது, அந்தப் பொறியும் ரேடியோ அலைதான். ஸ்னோஷூ விடுதியில் குறைந்த சக்தியில் தனி ஏற்பாடு செய்து செல்போன் எடுக்கிறது. கிரீன் பேங்க்கில் எடுக்காது. கம்பிவழி இணையம் உண்டு. வீடுகளில் வைஃபையே கிடையாது என்பது வெகுகாலம் ஏட்டில் இருந்தது. நடைமுறையில் பல வீடுகளில் இருக்கிறது, நிலையத்துக்கும் அது தெரியும். உங்கள் கணவர் அங்கேயே வேலை செய்யப்போகிறவர், அதனால் நீங்கள் வைக்குமுன் நிலையத்தைக் கேட்டுக்கொள்வதுதான் மரியாதை. என் கணிப்பில், அங்கே செல்போன் எடுக்காததற்குச் சட்டம் பாதிக் காரணம். மீதிப் பாதி மலையும், வாடிக்கையாளர் இல்லாததும். மண்டலத்துக்கு வெளியே உள்ள மலைக் கவுண்ட்டிப் பள்ளத்தாக்குகளிலும் பல இடங்களில் போன் செத்துத்தான் கிடக்கும்.

ரேடியோ தொலைநோக்கி ஊட்டியிலும் இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் எழுந்தது, 530 மீட்டர் நீளம். அங்கே மலைச்சரிவு கிட்டத்தட்ட 11 பாகை, ஊட்டியின் அட்சரேகையும் அதே. அதனால் தொலைநோக்கியைச் சரிவில் படுக்கவைத்தால் பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். ஊட்டிக்கு வேண்டியிருந்தது சரிவு. கிரீன் பேங்க்குக்கு வேண்டியிருந்தது குழி. சுற்றிலும் நாலாயிரம் அடி முகடுகள் நின்று வெளிச் சத்தத்தை மறைக்கும், நடுவே சமதளம். 1960இல் பிராங்க் டிரேக் வேறு உலகத்தார் யாராவது பேசுகிறார்களா என்று முதலில் காதுவைத்துக் கேட்டது இங்கேதான். 300 அடி விட்டமுள்ள பழைய தொலைநோக்கி 1988 நவம்பர் 15 இரவு ஒரு தகடு முறிந்து அப்படியே சரிந்து விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. அதற்குப் பதிலாக 2000இல் வந்ததுதான் இப்போதுள்ளது. 100 மீட்டர் அகலக் கிண்ணம், 148 மீட்டர் உயரம், ஏழாயிரம் டன்னுக்கு மேல் எடை, ஆனாலும் எந்தத் திசையிலும் திரும்பும். நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருக்கும்போது மாடு மேய்கிற புல்வெளிக்குப் பின்னால் வெள்ளையாக எழுந்து நிற்கும். பக்கத்தில் எந்த வீடும் மரமும் ஒப்பிட உதவாததால், எவ்வளவு பெரியது என்று மூளை ஒத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆகும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 2012இல் ஒரு நிபுணர் குழு இதற்கான மத்திய நிதியை விலக்கச் சொன்னது, 2016இல் நிலையம் தேசிய ரேடியோ வானியல் ஆய்வகத்திலிருந்து தனியாகப் பிரிந்தது. எனவே மூன்றாண்டு ஒப்பந்தத்துக்குப் பணம் எந்தத் திட்டத்திலிருந்து வருகிறது என்று உங்கள் கணவர் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

மனிதர்கள் எப்படி? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் தோல் நிறத்தோடு போகிற யாரும் உள்ளுக்குள் கேட்பது இதைத்தான். கவுண்ட்டி ஏறக்குறைய முழுக்க வெள்ளையர்கள். ஆள் இல்லாத நிலம் என்றால் விலகியிருக்க விரும்பும் எல்லா விதமான ஆட்களும் வருவார்கள். 1970களில் நகரம் வேண்டாம் என்று இளைஞர்கள் வந்து நிலம் வாங்கினார்கள். செல்போன் அலை உடம்புக்கு ஆகவில்லை என்று சொல்லி கிரீன் பேங்க்குக்கே குடிவந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படும் வேதனை நிஜம்; அலைதான் காரணம் என்பதை ஆய்வுகள் காட்டவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. 1980களின் நடுவில் வில்லியம் பியர்ஸ் என்ற வெள்ளை இனவெறித் தலைவர் ஹில்ஸ்பரோவுக்கு அருகே மில் பாயின்ட்டில் நிலம் வாங்கித் தன் அமைப்பின் தலைமையகத்தை வைத்தார். 2002இல் அவர் இறந்தபின் அது சிதறிப்போனது. அவர் வெளியூரிலிருந்து வந்தவர். இணையத்தில் தேடினால் இது கண்ணில் படும், படித்துப் பயப்படுவீர்கள் என்பதால் நானே சொல்லிவிட்டேன். அதற்குச் சில மைல் தூரத்தில்தான் நோபல் பரிசு பெற்ற பேர்ல் பக் 1892இல் பிறந்த வீடு இருக்கிறது. என் நான்கு வருடத்தில் முறைத்துப் பார்த்தவர்கள் உண்டு, தீங்கு செய்தவர்கள் இல்லை. என் ஒருவன் அனுபவம் அவ்வளவுதான். குடும்பமாக, பெண்ணாக உங்களுக்கு எப்படி இருக்கும் என்பதற்கு அது சாட்சியாகாது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஜனவரி இரவு, 219ஆம் எண் சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலத்தில் வழுக்கி, என் கார் சாக்கடைப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. போன் எடுக்காது. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு கிழவர் டிரக்கில் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை, சங்கிலியை எடுத்து மாட்டி இழுத்துவிட்டார். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. "எந்த சர்ச்சுக்குப் போகிறாய்?" என்றார். எதற்கும் போவதில்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மான் கறி சாப்பிடுவாயா?" என்றார். அதற்கும் இல்லை என்றதும் நிஜமாகவே கவலைப்பட்டார். நவம்பரில் மான் வேட்டைக்காலம் தொடங்கும் வாரம் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விடும் ஊர் அது. செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை மார்லின்டனில், சாலையில் அடிபட்ட பிராணிகளின் பெயரில் ஒரு சமையல் போட்டித் திருவிழாவே நடக்கும். பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம், கேலியும் கொண்டாட்டமும்தான் அதிகம். எதிரே வரும் எந்த வண்டிக்காரரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார். நீங்களும் உயர்த்த வேண்டும். மறந்தால் "அந்த வெளியூர்க்காரர்" என்று பேர் வந்துவிடும்.

அன்றாடம் பற்றிச் சில வார்த்தைகள். மார்லின்டன் அருகே ஒரு சிறிய மருத்துவமனை உண்டு; பெரிய சிகிச்சை என்றால் மலை தாண்டி மணிக்கணக்கில் போக வேண்டும். கவுண்ட்டி முழுமைக்கும் உயர்நிலைப் பள்ளி ஒன்றே ஒன்று, டன்மோரில், கிரீன் பேங்க்குக்குப் பக்கம். ஆரம்பப் பள்ளி பற்றி அங்கே பிள்ளைகளோடு இருக்கும் நிலையத்து ஊழியர்களை நேரடியாகக் கேளுங்கள். இந்தியக் கடை கிடையாது. மாதம் ஒருமுறை பெரிய ஊருக்குப் போய் அரிசி, பருப்பு, புளி ஏற்றி வந்துவிடுவேன். தோசை மாவு குளிரில் பொங்காது. மின் ஓவனைச் சூடாக்காமல், அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை உள்ளே இரவு முழுக்க வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். அந்தி நேரத்தில் கார் ஓட்டும்போது ஒரு மான் குறுக்கே போனால் பிரேக்கிலிருந்து காலை எடுக்காதீர்கள்; பின்னால் இரண்டாவது வரும்.

கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை நேரில் பார்க்க முடிந்தால் அக்டோபரில் போகாதீர்கள். அப்போது மேப்பிள் இலைகள் சிவந்து எல்லோரையும் மயக்கிவிடும். மார்ச்சில் போங்கள். பனி பாதி உருகி, சேறாகி, மரமெல்லாம் மொட்டையாக, வானம் சாம்பலாக இருக்கும். அந்த வாரத்தில் மார்லின்டன் கடைத்தெருவில் மகளோடு ஒருமுறை நடந்து பாருங்கள். வீடு பார்க்கும்போது, உறைவிப்பான் எவ்வளவு பெரியது என்றும், தரைவழித் தொலைபேசி இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்றும், மின்சாரம் போனால் எரிக்க விறகடுப்பு உண்டா என்றும் கேளுங்கள். கணவரின் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு நடுவே ஏறி இறங்க வேண்டிய முகடு எதுவும் இல்லாத பக்கமாகப் பார்த்து எடுங்கள்.